மலைச்சரிவின் குறிப்பேடு: ஊவாத் தோட்டங்களும் திறந்த ஆய்வுத் தரவும்

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 190 பேருக்கு மேல் காணவில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் அரச தரப்பின் எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்தது. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே இரண்டு கணக்கு. 2009இற்குப் பின்னர் இன்றுவரை எண்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும் வாசகர்களுக்கு இது புதிய அனுபவமாக இராது.

மீரியபெத்தவில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தமை அனர்த்தத்தின் பின்னர் பரவலாக வெளிவந்தது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாய வரைபடமாக்கல் 1990இலேயே தொடங்கிவிட்டது. அதாவது ஆய்வு நடந்திருந்தது, தரவு இருந்தது, அறிக்கையும் இருந்தது. அவை யாருடைய அலுமாரியில் இருந்தன, எந்த மொழியில் இருந்தன, லயத்தில் இருந்த ஒருவர் கேட்டிருந்தால் அவர் கையில் கிடைத்திருக்குமா என்பதே கேள்வி.

ஆய்வுத் தரவுகளையும் ஆய்வுக் குறிப்பேடுகளையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது உலகில் கடந்த முப்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஒரு நடைமுறை. அதைப் பல்கலைக்கழகத்தவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஊவாவின் மலைச்சரிவுகளில் அது உயிர் சார்ந்த விவகாரம்.

திறந்த குறிப்பேடு

ஓர் ஆய்வாளர் உலகுக்குக் காட்டுவது பெரும்பாலும் கடைசியில் வெளிவரும் கட்டுரையை மட்டுமே. அதற்குக் கீழே இரண்டு அடுக்குகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, அளந்தெடுத்த மூலத்தரவு. மற்றையது, அன்றன்று எழுதிய குறிப்பேடு: எந்தக் கருவியால், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எது சரிவந்தது, எது பிழைத்தது என்ற விபரம். கட்டுரையில் தோல்விகள் இடம்பெறுவது குறைவு. குறிப்பேட்டில் அவைதான் அதிகம்.

1996இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் தொகுதித் திட்டத்தின் விஞ்ஞானிகள், தாங்கள் கண்டறியும் மரபணு வரிசைகளை 24 மணித்தியாலத்துக்குள் பொதுவில் வெளியிடுவதென்று உடன்பட்டார்கள். கட்டுரை எழுதி முடிக்கும்வரை ஒளித்துவைக்கும் வழக்கத்துக்கு அது நேர்மாறானது. 2006இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக இரசாயனவியலாளர் ஜோன்-குளோட் பிராட்லி ஒருபடி மேலே போனார். மலேரியாவுக்கெதிரான சேர்மங்களைத் தேடிய தமது ஆய்வுகூடத்தின் குறிப்பேட்டையே அன்றாடம் இணையத்தில் ஏற்றினார். பிழைத்துப்போன பரிசோதனைகளும் அதில் இருந்தன. 'திறந்த குறிப்பேட்டு விஞ்ஞானம்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 2008இல் இந்தியாவின் விஞ்ஞான மற்றும் கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் காசநோய் மருந்துகளைத் தேடுவதற்குத் 'திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்பு' என்ற திட்டத்தை ஆரம்பித்து, கல்லூரி மாணவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. மலேரியாவும் காசநோயும் ஏழைகளின் நோய்கள். இலாபம் குறைவான இடத்தில் இரகசியமும் தேவைப்படவில்லை என்று கசப்பாகவும் இதைச் சொல்லலாம்.

பிழைத்துப்போன பரிசோதனையை ஏன் வெளியிட வேண்டும்? அதே பிழையை இன்னொருவர் காசு செலவழித்துத் திரும்பச் செய்யாமலிருக்க. முடிவை மட்டும் பார்த்து நம்பவோ மறுக்கவோ தள்ளப்படாமல், அந்த முடிவுக்கு வந்த வழியை யாரும் நடந்து பார்க்க. இரண்டாவது காரணம் பதுளைக்கு மிக நெருக்கமானது.

மலையே ஆய்வுகூடமான கதை

1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகள் 51 உயிர்களைக் கொண்டுபோயின. 1984இல் உருவாக்கப்பட்டிருந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முழுக் கவனமும் மண்சரிவின் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகே. 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் இவ்விரு மாவட்டங்களிலும் அபாய வரைபடமாக்கல் தொடங்கியது. பின்னர் அது பத்து மாவட்டங்களுக்கு விரிந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் இந்தப் பத்துக்குள் அடங்கும்.

வரைபடம் எப்படி உருவானது என்பதைத் தோட்டத்து மக்கள் அறிந்திருப்பது நல்லது. ஆறு விடயங்களை அந்த ஆய்வாளர்கள் சரிவு சரிவாகப் பார்த்தார்கள். அடிப்பாறை எத்தகையது, அதன் படைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. பாறையின் மேல் மண் எவ்வளவு தடிப்பு, அது அங்கேயே உருவான மண்ணா, மேலிருந்து உருண்டு வந்து படிந்த மண்ணா. சரிவின் கோணம். நீர் ஓடும் வழியும் ஊறும் இடமும். நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள். ஆறாவது நிலவுருவம், அதாவது மேடா, பள்ளமா, பழைய சரிவொன்றின் அடிவாரமா என்பது. ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டி, சரிவு நிகழ வாய்ப்பில்லாத இடம் தொடக்கம் பெரும்பாலும் சரியக்கூடிய இடம் வரை வலயங்களாக நிறம் தீட்டினார்கள்.

இந்த ஆறில் குறைந்தது மூன்றைப் பற்றிய அறிவு ஆய்வாளர் வருவதற்கு முன்பே தோட்டத்தில் இருக்கிறது. கான் வெட்டியவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். எந்த வருடத்திலிருந்து கான் துப்புரவாக்கப்படாமல் மண் அடைத்துக் கிடக்கிறது என்பதும் தெரியும். அடைபட்ட கானின் நீர் வெளியே ஓடாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய நீர் மண்ணின் எடையைக் கூட்டி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடியைத் தளர்த்துகிறது. மழை விட்ட பிறகும் சரிவு நிகழ்வது இதனால்தான். வழமையாகத் தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குவதையும், ஒருநாளும் தண்ணீர் வராத இடத்தில் வருவதையும், நிலத்தில் வெடிப்பு விழுவதையும், காம்பராக் கதவு நிலையில் இறுகிக்கொள்வதையும் முதலில் காண்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். ஆய்வாளரின் குறிப்பேட்டில் ஏற வேண்டிய தரவுகள் இவை. ஏற்றுவதற்குத் தோட்டத்து மக்களிடம் குறிப்பேடு இல்லை, அல்லது இருந்தும் அதை யாரும் கேட்பதில்லை.

வரைபடங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தனது இணையத்தளத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறது. ஆனால் பார்வைக்கு வைப்பதும் பயன்படும்படி திறப்பதும் ஒன்றாகிவிடாது. அளவுத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது தரையில் 500 மீற்றர். பத்தடி அகலக் காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக உள்ள ஒரு லயன் ஏறத்தாழ 37 மீற்றர் நீளம். அந்த வரைபடத்தில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, பேனை முனையின் புள்ளி. 1:10,000 வரைபடத்தில் அதே லயன் நான்கு மில்லிமீற்றர் வரை வரும். தன் வீடு சிவப்புக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று அறிய விரும்புபவருக்கு முதலாவது வரைபடம் பதில் தராது. இரண்டாவதில் தேடுவதற்கும் வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். குறிவிளக்கம் ஆங்கிலத்தில். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் தமிழும் நிர்வாக மொழியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை என்பதை இங்கே நினைவில் கொள்க.

டித்வா சூறாவளி 2025 நவம்பர் இறுதியில் மலையகத்தைச் சிதைத்து நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும் இதே முறைப்பாடு எழுந்தது: எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, அல்லது வரவேயில்லை.

அறிக்கை போன வழி

ஒரு தோட்டத்தில் வெடிப்பு தென்பட்டால் பொதுவாக நடப்பது இது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குத் தகவல் போகும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அறிக்கை பிரதேச செயலகத்துக்குச் செல்லும். குடியிருப்பவர்களுக்குக் கிடைப்பது 'வெளியேறுங்கள்' என்ற சொல் மாத்திரம். வெடிப்பின் அகலம் என்ன, சென்ற முறை எவ்வளவு இருந்தது, எந்த லயன் உடனடி அபாயத்தில், எது அடுத்த கட்டத்தில் என்ற விபரமெல்லாம் கோப்பில் தங்கிவிடும்.

மீரியபெத்த அனர்த்தத்தின் பின்னர் எழுந்த வாக்குவாதத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'நாங்கள் சொன்னோம், அவர்கள் போகவில்லை' என்பது அதிகாரத் தரப்பின் வாதம். 'போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை' என்பது மக்களின் பதில். தோட்டக் காணி அரசுக்குரியது. 1992இற்குப் பின்னர் அதன் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. லயத்தில் இருப்பவருக்கு ஒரு பேர்ச் நிலமும் சொந்தமில்லை. வடக்கில் ஒரு குடும்பம் தன் காணியிலிருந்து வெளியேற்றப்பட்டால் உறுதியைக் காட்டி வழக்காட முடியும். இங்கே காட்டுவதற்கு உறுதி இல்லை. ஆகவே 'வெளியேறுங்கள்' என்ற அறிவுறுத்தல் காணி ஒதுக்கீடு இல்லாமல் வந்தால் அது வெறும் கடதாசி.

2005இற்கும் 2014இற்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுக் கோப்பு திறந்த குறிப்பேடாக இருந்திருந்தால் எச்சரிக்கை எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அவர் என்ன பதில் எழுதினார், மாற்றுக் காணிக்கு யார் விண்ணப்பித்தார், எங்கே நின்றுபோனது என்பதெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகத் தெரிந்திருக்கும். மலையை அது தடுத்து நிறுத்தியிராது. ஆனால் பழியை இறந்தவர்கள் மேல் போடுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டு, பூணாகலையின் மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகளைப் பெற 2016 வரை காத்திருந்தனர். 2023 மார்ச்சில் அதே பூணாகலைப் பகுதியின் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது.

இதை வேறுவிதமாகச் செய்த ஓர் ஊர் ஹொங்கொங். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு மண்சரிவுகள் அங்கே 138 பேரைக் கொன்றன. 1977இல் சரிவுகளுக்கென்றே ஒரு தனி அலுவலகம் அமைத்தார்கள். மனிதர் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கிய ஏறத்தாழ 60,000 சரிவுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதிவிலக்கம் கொடுத்தார்கள். சரிவின் அடியில் அந்த இலக்கம் பொறித்த தகடு இருக்கும். இணையத்தில் அந்த இலக்கத்தை இட்டால் சரிவின் விபரமும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் வரும். ஹொங்கொங்கின் செல்வம் பதுளையில் இல்லை என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒரு தகட்டுக்கும் ஓர் இலக்கத்துக்கும் எவ்வளவு செலவாகும்? லயன்களுக்கு ஏற்கெனவே இலக்கம் இருக்கிறது. லயத்துக்கு மேலுள்ள மலைக்குத்தான் இல்லை.

தோட்டத்து மழைப் புத்தகம்

தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே மழையை அளந்து வந்திருக்கின்றன. காலையில் மழைமானியைப் பார்த்து அளவைப் புத்தகத்தில் எழுதுவது பல தோட்டங்களில் தலைமுறைகளாகத் தொடர்ந்த வேலை. கொழுந்து வருமானத்தைக் கணக்கிட இந்த எண்கள் துரைமாருக்குத் தேவைப்பட்டன. பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பல பத்தாண்டு மழைப் புத்தகம் மண்சரிவு ஆய்வாளருக்கும் காலநிலை ஆய்வாளருக்கும் பொன் போன்றது. ஊவாவின் மழை மேற்குச் சரிவின் மழையைப் போன்றதல்ல. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலும் அதற்கு முந்திய இடைப்பருவத்திலும் இங்கே கொட்டும். ஜூலை, ஓகஸ்டில் வறண்ட காற்று வீசும்போதுதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற அந்த மணம் ஏறுகிறது. மீரியபெத்தவும் டித்வாவும் ஒக்டோபர், நவம்பரில் நிகழ்ந்தவை என்பதைக் கவனிக்க.

இன்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தானியங்கி மழைமானிகள் பல இடங்களில் உள்ளன. அவற்றின் அளவுகள் இணையத்திலும் தெரிகின்றன. எச்சரிக்கைக்கான எல்லைகள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரில் எச்சரிக்கை, வெளியேறத் தயாராகும் நிலை. 150 மில்லிமீற்றரிலோ ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டியவை.

மலையில் மழை ஊருக்கு ஊர் மாறும். ஒரு முகட்டின் இந்தப் பக்கம் 40 மில்லிமீற்றர் பெய்யும்போது அந்தப் பக்கம் 120 பெய்யலாம். கிட்டத்தில் மானி இல்லாத தோட்டத்தில், பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரப் பேணியை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே போதும். 75 மில்லிமீற்றர் என்பது ஏழரைச் சென்ரிமீற்றர் உயரத் தண்ணீர். திகதி, நேரம், அளவு, அன்று ஊற்றில் கண்ட மாற்றம் என்று ஒரு கொப்பியில் எழுதி, மாதமொருமுறை படம்பிடித்துப் பொதுவில் ஏற்றினால் அது ஒரு திறந்த குறிப்பேடுதான். பிராட்லி செய்ததும் அடிப்படையில் அதுவே. தோட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் இதைக் கையிலெடுக்கலாம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் இருக்கிறது.

பழைய மழைப் புத்தகங்களின் கதி வேறு. முகாமைத்துவம் மாறும்போதும் பங்களாக்கள் கைமாறும்போதும் கடதாசிகள் கரையானுக்கும் குப்பைக்கும் போகக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்களைத் தீயில் இழந்த சமூகத்துக்கு ஒற்றைப் பிரதியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி, எவரும் கட்டணமின்றிப் படிக்கத் திறந்து வைத்தது. மழைப் புத்தகங்களையும் செக்ரோல்களையும் அதே முறையில் காப்பாற்றலாம். அனுமதி தர வேண்டியவை கம்பனிகள். கேட்க வேண்டியவர்கள் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழகங்களும்.

முன்னைய அளவு இல்லாத கிணறு

திறந்த தரவு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்குப் பண்டாரவளை ஒரு பாடம். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரின் இறுதியில் நிலத்தடி நீர் பெருமளவில் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன, மக்கள் தெருவுக்கு இறங்கினர். திட்டம் 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி வருகைதந்து திறந்துவைக்கும் வரை நீண்டது. நட்டஈடு கேட்கும் ஒருவரிடம் எழும் முதல் கேள்வி: 'உங்கள் கிணற்றில் முன்பு எத்தனை அடி தண்ணீர் நின்றது?' சுரங்கம் தோண்டுவதற்கு முந்திய அளவுகள் ஊரவர் கையில் எழுத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் நிரூபிக்கும் சுமை கிணற்றை இழந்தவர் தலையில்.

திறக்கக் கூடாதவை

இனி மறுபக்கம். போரை வாழ்ந்த எவருக்கும் 'பதிவு' என்ற சொல் கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ சுருங்கும். குடும்ப அட்டை, முகாம் பட்டியல், வீட்டுக்கு வீடு எடுத்த ஆட்கணக்கு எல்லாம் எதற்குப் பயன்பட்டன என்பது நமக்குத் தெரியும். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போன குடும்பங்கள் இரண்டு இடத்துப் பட்டியல்களையும் கண்டவை. ஆகவே எல்லாவற்றையும் திற என்ற கோஷத்துக்கு நாம் தலையாட்ட முடியாது.

நிலத்தின் தரவு பொதுவுக்குரியது, ஆளின் தரவு அந்த ஆளுக்குரியது என்று எல்லை வகுப்பதே நியாயமாகப் படுகிறது. மலையின் கோணம், மழை, நிலத்தடி நீர், வெடிப்பின் அகலம், அதிகாரி அனுப்பிய கடிதத்தின் திகதி, செலவழித்த பணம் எல்லாம் வெளியே வரட்டும். யார் வீட்டில் யார் இருக்கிறார், அடையாள அட்டை இலக்கம், நோய், கடன் ஆகியவை வரக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பின்னதைக் காப்பதற்கென வந்தது.

இன்னொரு அபாயமும் உண்டு, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று வேண்டும். இந்திய உதவியுடனான மலையக வீடமைப்புக்கும் அதற்கான காணிக்கும் இடம் தெரிவாவது இந்தச் சான்றின் மேல்தான். ஒரு தோட்டம் சிவப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்டால் அங்கே புதிய வீடு வராது. மாற்றுக் காணியும் கிடைக்காவிட்டால் மக்கள் அதே பழைய லயத்தில், அதே மலையின் கீழ், திருத்த வேலையும் இல்லாமல் இருப்பார்கள். அப்போது தரவு அவர்களைக் காக்காமல் அங்கேயே கட்டிப்போடுகிறது. இதற்கு மருந்து வரைபடத்தை மறைப்பதல்ல. எந்த அளவீட்டின் பேரில் அந்த வலயம் வரையப்பட்டது என்ற குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, சுயாதீனமான புவியியலாளர் ஒருவரிடம் காட்டக்கூடிய நிலை வேண்டும். கையிலே முடிவு மட்டும் இருப்பவர் மேன்முறையீடு செய்ய முடியாது.

வானத்திலிருந்து

அரசு தராத தரவை வேறு வழியில் பெற்ற அனுபவமும் நமக்கு உண்டு. 2009இல் வன்னிக்குள் ஊடகம் நுழைய முடியாதிருந்தபோது ஐ.நா.வின் யுனோசாட் செய்மதிப் படங்கள் பாதுகாப்பு வலயத்துக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சான்றாகின. 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் அவை பயன்பட்டன. அத்தகைய படங்கள் அன்று சிலருக்கே எட்டின. ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1 ராடார் செய்மதியின் தரவு இன்று எவருக்கும் இலவசம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் இந்த ராடாரால் நிலம் சில மில்லிமீற்றர் நகர்ந்தாலும் கணிக்க இயலும். அடர்ந்த காடும் தேயிலையும் மூடிய சரிவுகளில் அதன் கணிப்பு தடுமாறும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. அமெரிக்காவின் நாசா எவரும் மண்சரிவொன்றை இடம், திகதி, படத்துடன் பதிவிடக்கூடிய பொதுக் களஞ்சியம் ஒன்றை 2018இல் தொடங்கியது. ஓபன்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தில் லயன்களையும் தோட்டத்துப் பாதைகளையும் குறிப்பதற்கு ஒரு கணினியும் சில மாலைப் பொழுதுகளும் போதும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மலையகத்துப் பிள்ளை ஒருவரால் பசறையின் லயன்களை அதில் வரைந்துவிட முடியும். மீட்புக்கு வருபவருக்குப் பாதை தெரிய அது உதவும்.

கேட்பது எப்படி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'ஒவ்வொரு பிரசைக்கும்' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, எஞ்சியிருந்தோருக்கு அது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழுமையாகக் கிடைத்த ஒரு சமூகத்துக்கு அந்தச் சொல் வெறும் சட்ட வாசகமல்ல.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், பிரதேச செயலகம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகிய மூன்றும் பகிரங்க அதிகாரசபைகள். அவை ஒவ்வொன்றிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். கோரிக்கையைத் தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொல்ல, உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 'எங்கள் தோட்டம் பற்றிய விபரம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். பிரிவின் பெயர், லயன் இலக்கம், பரிசோதனைக்கு வந்த திகதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பரிசோதனை அறிக்கையின் பிரதி, அதனோடிணைந்த கள அளவீடுகளும் படங்களும், 1:10,000 வரைபடத்தின் உரிய பகுதி, அறிக்கை அனுப்பப்பட்டவர்களின் பதில் கடிதங்கள், மாற்றுக் காணி தொடர்பாக எடுத்த நடவடிக்கை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள் போகலாம். கேட்கப்படும் தகவல் ஒரு பிரசையின் உயிரையோ ஆட்சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும் என்று 25ஆம் பிரிவு சொல்கிறது. லயத்துக்கு மேலே வெடித்து நிற்கும் மலை அந்த வகைக்குள் அடங்கும் என்பதைக் கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.